உங்களுக்குத் தெரியுமா? மட்டாஞ்சேரிக்கு எதிரே ஓர் அம்மோனியா தொட்டி

கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு எதிரே இருப்பது வெலிங்டன் தீவு. அங்கே ஃபாக்ட் உர நிறுவனம் வைத்திருந்த 10,000 டன் அம்மோனியா தொட்டியைக் காலி செய்யும்படி 1994இல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொட்டி தொடர்ந்து இயங்கியது.

அம்மோனியா காற்றைவிட இலேசான வாயு. ஆனால் மைனஸ் 33 டிகிரி குளிரில் திரவமாக அடைத்து வைத்தது கசிந்தால், காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து கனத்த வெண்புகையாகத் தரையோடு தவழும். தானாக மேலே போய்விடும் என்று எழுதிவைக்கும் ஆபத்து ஆய்வு ஆளைக் கொன்றுவிடும். போதாக்குறைக்கு, அன்று கொச்சி விமான நிலையமும் அதே தீவில்தான் இருந்தது!

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் திருத்தப்பட்டு, 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 41பி பிரிவுப்படி, இப்படிப்பட்ட ஆபத்து விவரங்களைத் தொழிலாளர்களுக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் நிர்வாகம் சொல்லியாக வேண்டியிருந்தது. கொச்சியை அடுத்த அம்பலமுகள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் இது பொருந்தியது. ஆலை வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டியது 41எச் பிரிவு; அது சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி எச்சரித்தால் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும், அப்படி ஆபத்தில்லை என்று கருதினாலும், விஷயத்தைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பியே தீர வேண்டும்.