கப்பலேறி வரும் கிறிஸ்துமஸ் ஒயின்

நாசிக்கில் அடைக்கப்படும் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின், கிரேட் நிகோபாரின் கேம்பல் பேயில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்து சேர்வதற்குள் படும் பாடு கொஞ்சமல்ல. சென்னை வழியாக வந்தால், முதலில் லாரியில் தக்காணத்தைக் கடக்க வேண்டும். பிறகு போர்ட் பிளேர் வரை (2024 முதல் அது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 1,200 கி.மீ. கடல். அங்கிருந்து தெற்கே இன்னும் 500 கி.மீ.க்கு மேல். வழியில் மற்ற தீவுகளில் நின்று நின்று வரும் கப்பலுக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை.

1969 முதல் சுமார் 330 முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. பஞ்சாபியர், மராத்தியர், தெலுங்கர், மலையாளி, தமிழர் என்று எல்லோரும் இருந்தார்கள். 2012இல் கடற்படை விமான தளம் 'ஐஎன்எஸ் பாஸ்' வந்தது. நிகோபாரிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். டிசம்பர் 25 என்றால் அவர்கள் வீட்டில் பன்றி இறைச்சி இல்லாமல் விருந்து இல்லை. கூடவே தென்னங்கள். வெளியிலிருந்து வந்து வேலை பார்க்கும் குடும்பங்களின் மேஜையில்தான் சிவப்பு ஒயின் ஆசை எட்டிப் பார்க்கிறது. கட்டுப்படியாகும் விலையில், விருந்தாளி முகம் சுளிக்காத ஒரு பாட்டில். கேள்வி எளிது. ஆனால் பதிலைத் தீர்மானிப்பது விலைச் சீட்டு அல்ல, வெயில்.

ஒயினை வைக்க ஏற்ற வெப்பம் 13 டிகிரி செல்ஷியஸ் அளவு என்பார்கள். பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரி வடக்கே உள்ள கேம்பல் பேயில், பகலில் 30 டிகிரி வருடம் முழுக்க சாதாரணம். கப்பலின் சரக்கு அறையும் கடையின் அலமாரியும் இதைவிடச் சூடாக இருக்கலாம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். காற்று புகும். பழவாசனை போய், வேகவைத்த பழக்கூழ் வாசனை வரும். நல்ல கம்பெனியின் விலை உயர்ந்த பாட்டிலும் இதற்கு விலக்கல்ல. மாதக்கணக்கில் வெந்து போன 2,000 ரூபாய் ஒயினைவிட, சமீபத்தில் வந்திறங்கிய 800 ரூபாய் ஒயின் மேல்.

எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எது ஒசத்தி என்பதல்ல; எது கடைசியாக வந்தது என்பதுதான். பாட்டிலின் கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்பு இருந்தாலோ, கார்க் மேலே எழும்பி மூடியுறையை முட்டிக்கொண்டு நின்றாலோ அந்தப் பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடலாம். திருகு மூடி போட்ட பாட்டிலை மட்டம் என்று ஒதுக்குவது பழைய காலத்து அந்தஸ்துக் கணக்கு. இந்த வெயிலுக்கு அது பெரும்பாலும் நம்பிக்கையானது. கார்க் திறப்பான் இல்லாத வீட்டுக்கு இன்னும் வசதி.

லேபிளில் ஆண்டு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நடக்கும் திராட்சை அறுவடை, நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது. மலிவு விலைச் சிவப்பு ஒயின்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிடத் தயாரிக்கப்படுபவை. பழையது நல்லது என்ற சினிமா ஞானம் இங்கே செல்லாது. 'ரிசர்வ்' என்ற எழுத்துக்கும் மயங்க வேண்டாம். பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி அர்த்தமே கிடையாது.

வெளிநாட்டு பாட்டில்? இந்தியா நெடுங்காலம் இறக்குமதி ஒயினுக்கு 150 சதவிகித வரி போட்டு வந்தது. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தம் வரியைக் குறைத்தது. ஆனால் பாட்டிலின் இறக்குமதி மதிப்பு 5 டாலருக்கு மேல் இருந்தால்தான் சலுகை. அதாவது மலிவு பாட்டிலுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. வரியும் கப்பல் கூலியும் போக, அந்த விலைக்குள் ஒயினுக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். நடுத்தரப் பட்ஜெட்டுக்கு உள்நாட்டுச் சரக்கே நியாயம். நாசிக்கின் சுலா 2000இல் தன் முதல் ஒயின்களை வெளியிட்டது. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் அதற்கும் முந்தியது. ஷிராஸ் திராட்சை இரண்டு இடத்திலும் நன்றாக வருகிறது.

மிளகும் மிளகாயும் போட்டு வறுத்த பன்றிக் கறிக்கு ஷிராஸ் பொருத்தம். நாக்கை இழுக்கும் துவர்ப்பு மிகுந்த கேபர்னே காரத்தோடு சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். தேங்காய்ப்பால் குழம்பு என்றால் இன்னும் மென்மையான மெர்லோ. ஒயினே குடித்துப் பழகாத பெரியவர்கள் மேஜையில் இருந்தால், ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கும் 'போர்ட்' ஒயினை வாங்குவதில் வெட்கம் எதற்கு? போர்ச்சுகலின் அசல் போர்ட், பிராந்தி சேர்த்து 20 சதவிகித அளவுக்கு உரமேற்றப்பட்டது. கோவா போர்ட் அந்த ரகமல்ல, இனிப்பான சிவப்பு ஒயின். கறிக்கு அது ஒட்டாது. பிளம் கேக்குக்கு அபாரமாக ஒட்டும்.

வீட்டிலேயே திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஜாடியில் ஊறவைக்கும் வழக்கம் மலையாளிக் குடும்பங்களில் உண்டு. 2019 கிறிஸ்துமஸுக்கு முன் கேரள கலால் துறை, உரிமமில்லாமல் இப்படிச் செய்வது குற்றம் என்று எச்சரித்தது. வேறு ஊரில் செய்பவர்களும் உள்ளூர்ச் சட்டத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

750 மி.லி. பாட்டிலில் ஐந்து கிளாஸ் தாராளமாக வரும். பத்து பேர் என்றால் ஆளுக்குப் பாதி கிளாஸ். விருந்தின் மரியாதைக்கு அது போதும். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாற வேண்டும் என்ற விதியை எழுதியவர்களின் அறை 16, 18 டிகிரியில் இருந்தது. கேம்பல் பேயில் பரிமாறுவதற்கு முன் முக்கால் மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால்தான் அந்த விதி நிறைவேறும். மீதமானதை மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

ஆனால் மறுநாள் யாரும் அதைத் தொடுவதில் அவசரம் காட்டமாட்டார்கள். 2004இல் விருந்து முடிந்த மறுநாள் காலையில்தான் சுனாமி வந்தது. இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் கடலில் அமிழ்ந்தது. டிசம்பர் 26 நிகோபாரில் அஞ்சலி நாள்.