இஞ்சி நுரைக்கும் கணக்கு

இஞ்சி, சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்தால் கிடைக்கும் நுரை பானமே இஞ்சி பீர். கடையில் அதே பெயரில் விற்பவை பெரும்பாலும் வேறு வகை. இலங்கைத் தமிழர் நன்கு அறிந்த யானைச் சின்ன ஜிஞ்சர் பீரிலும், நம்மூர் கோலி சோடாவிலும் கரியமில வாயுவை வெளியிலிருந்து செலுத்துகிறார்கள். வீட்டு இஞ்சி பீரில் அந்த வாயுவை ஈஸ்ட்டே உண்டாக்குகிறது.

இதன் உயிரியலைத் துலக்கியவர் ஹாரி மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் காப்பித் தோட்டங்களை அழித்துவந்த இலைத் துரு நோயை ஆராய்ந்தவர் அவர். இங்கிலாந்து வீடுகளில் ‘இஞ்சி பீர் செடி’ என்று கைமாறிவந்த கொழகொழப்பான கட்டிகள் செடியே அல்ல, ஓர் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் கூடி வாழும் குடும்பம் என்று 1892இல் எழுதினார். இரண்டையும் தனித்தனியே வளர்த்து, மறுபடி சேர்த்து, அதே கட்டியை உருவாக்கியும் காட்டினார். நுண்ணுயிரியல் இளமையாக இருந்த அந்தக் காலத்துக்கு இது அசாத்தியமான வேலை.

அந்தக் கட்டி கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. இட்லி மாவை உளுந்தோடு வந்த பாக்டீரியாக்களே பொங்கவைப்பதுபோல, இஞ்சித் தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் இங்கே வேலையைத் தொடங்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும், கழுவித் தோலோடு துருவிய ஒரு ஸ்பூன் இஞ்சியும் போட்டு, துணியால் மூடி, தினமும் அதே அளவு சேர்த்துக் கிளறினால் உறை தயார். குளிர்நாட்டுக் குறிப்புகள் இதற்கு ஒரு வாரம் கேட்கும். சென்னைப் புறநகரான ஆவடியின் மே மாதத்தில் இரண்டு மூன்று நாளிலேயே குமிழி கிளம்பிவிடும். மேலே பூஞ்சை படர்ந்தால் எடுத்துப்போட்டுவிட்டுத் தொடரக்கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

தண்ணீரும் முக்கியம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்நீரில் உள்ள குளோரின் உறையைக் கொல்லும். கொதிக்கவைத்து ஆற்றினால் சரியாகிவிடும். அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளில் போர் தண்ணீர் கடினமாக இருந்தால், அதிலுள்ள பைகார்பனேட் புளிப்பை முறித்துவிடும். அப்போது எலுமிச்சைச் சாற்றைக் கூட்ட வேண்டும். தொடக்கத்திலேயே பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருப்பது நச்சுக் கிருமிகளைத் தடுக்கும் முதல் அரண்.

அடுத்தது வெப்பம். கடற்காற்று இந்தப் புறநகர்களுக்குத் தாமதமாகவே வந்து சேரும். 30 டிகிரியை ஒட்டி ஈஸ்ட் செழிக்கும். 35ஐத் தாண்டினால் அது தடுமாற, லாக்டிக் பாக்டீரியா முந்திக்கொள்ளும். கத்திரி வெயிலில் பானம் நுரைப்பதற்குள் புளித்துப்போவது இதனால்தான். ஜாடியைத் தண்ணீர் நிரப்பிய அகலமான பாத்திரத்தில் நிழலில் வைப்பது எளிய தீர்வு.

இஞ்சிச் சாறு, சர்க்கரை, எலுமிச்சை கலந்த நீரில் உறையை ஊற்றி, ஒரு நாள் திறந்த ஜாடியில் விட்டுப் பாட்டிலில் அடைப்பது வழக்கம். கவனம் முழுவதும் தேவைப்படுவது இங்கேதான். 4 கிராம் சர்க்கரை ஈஸ்ட்டால் முழுதாக நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கரியமில வாயுவும் 2 கிராம் ஆல்கஹாலும் பிறக்கும். நன்கு நுரைக்கும் சோடாவில் லிட்டருக்குச் சுமார் 8 கிராம் வாயு இருக்கும். அந்த நுரையை ஈஸ்ட்டிடமிருந்தே பெறுவதென்றால், கூடவே 8 கிராம் ஆல்கஹாலும் வந்து சேரும். கன அளவில் அது ஒரு சதவீதம். திறந்த ஜாடியில் வாயு பறந்துவிட, ஆல்கஹால் தங்கிவிடுவதால் உண்மை அளவு இன்னும் சற்றுக் கூடும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் மதுபானம். சோடாவில் பாதி நுரை வந்தாலே அந்தக் கோடு வந்துவிடுகிறது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடைசெய்கிறது. ஆகவே மெல்லிய நுரையோடு நிறுத்திக் குளிரவைப்பதே தகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைச் சாதாரணக் குளிர்பானமாகக் கொடுக்கக்கூடாது.

லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டு, அது மூடிய பாட்டிலுக்குள் முழுதாக நொதித்தால் 25 லிட்டர் வாயு பிறக்கும். எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது. சோடா அளவு நுரை கொண்ட பாட்டிலில் 5 டிகிரியில் ஏறக்குறைய 3 வளிமண்டல அழுத்தம். 30 டிகிரியில் அதுவே இரட்டிப்பாகும். எனவே குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் பாதுகாப்பானது. கையால் அமுக்கிப் பார்த்து, கெட்டிப்படத் தொடங்கியதுமே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மின்வெட்டு நீண்டால் பாட்டில்கள் சூடேறும்; ஈஸ்ட்டும் விழித்துக்கொள்ளும். அப்போது மூடியை மெதுவாகத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுவது அவசியம்.

மிச்ச உறையை ஃப்ரிட்ஜில் வைத்து, வாரம் ஒருமுறை ஒரு ஸ்பூன் சர்க்கரையும் இஞ்சியும் கொடுத்துவந்தால் அடுத்த முறைக்கும் அதுவே போதும்.