தொடக்கப் பள்ளியில் இசை: பாடம் உண்டு, ஆசிரியர் இல்லை

புதுதில்லி: தொடக்கப் பள்ளிகளில் இசை கற்பிக்கப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு மத்திய அரசின் ஆவணங்கள் எப்போதோ விடையளித்துவிட்டன. கற்பிக்கப் போவது யார் என்பதற்குத்தான் விடை இல்லை.

விடுதலைக்கு முன்பே தொடங்கிய சிந்தனை இது. காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்காக 1937-ல் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு, தாய்மொழி, கணிதம் ஆகியவற்றுடன் இசையையும் சேர்த்தது. 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வியைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. வாரத்துக்குக் குறைந்தது 2 பாடவேளைகளைக் கலைக்கு ஒதுக்குமாறு சிபிஎஸ்இ 2019-ல் தனது பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. பிற பாடங்களோடு கலையை இணைத்துக் கற்பிப்பதை 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வலியுறுத்தியது. 2024-ல் மூன்றாம் வகுப்புக்கு 'பான்சுரி' என்ற கலைப் பாடநூலையே என்சிஇஆர்டி வெளியிட்டது.

இணைத்துக் கற்பித்தல் என்பது வாய்ப்பாட்டை மெட்டமைத்துப் பாடவைப்பதோடு முடிந்துவிடுவதல்ல. இந்துஸ்தானி இசையின் தீன்தாளத்தில் 16 மாத்திரைகள். அவை நான்கு நான்காகப் பிரிகின்றன. அதைக் கையால் தட்டிப் பழகும் குழந்தைக்கு வகுத்தலும் புரிகிறது, லயமும் கைவருகிறது. கம்பியின் நீளம் குறையக் குறையச் சுருதி உயர்வதைக் கேட்டறிவது அறிவியல் பாடம். அதுவே செவிக்கான பயிற்சியும் ஆகும். இவ்வாறு இரண்டும் ஒருசேர நிகழ, வகுப்பாசிரியரும் இசை அறிந்த ஆசிரியரும் கலந்து பாடத்தைத் திட்டமிட வேண்டும்.

இங்குதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. 60 மாணவர்கள் வரை 2 ஆசிரியர்கள் போதும் என்கிறது அட்டவணை. ஐந்து வகுப்புகளையும் எல்லாப் பாடங்களையும் சுமக்கும் அந்த இருவர்மீதே இசையும் ஏற்றப்படுகிறது.

மத்திய அரசின் சொந்தப் பள்ளிகளில் நிலைமை வேறு. கேந்திரிய வித்யாலயங்களில் தொடக்க வகுப்புகளுக்கென்றே இசை ஆசிரியர் பணியிடம் உண்டு. 2022 டிசம்பர் அறிவிப்பில் மட்டும் அத்தகைய 303 இடங்களுக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டன. அரசு ஊழியரின் குழந்தைக்குத் தேவை என்று கருதப்பட்டது, கிராமத்து ஊராட்சிப் பள்ளிக் குழந்தைக்குத் தேவையில்லாமல் போனது எப்படி?

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவரை நியமிக்க இயலாது எனில், அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கு ஒருவர் வீதம் சுழற்சி முறையில் அமர்த்தலாம். அந்தந்த வட்டாரத்தின் நாட்டுப்புறக் கலைஞர்களையும் பயன்படுத்தலாம். எந்தப் பாடல், எந்த மரபு என்பதை மாநிலங்களே முடிவு செய்ய வேண்டும். கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் தில்லியில் தயாராகும் ஒரே பாட்டு நாடெங்கும் ஒலிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், செலவில் மத்திய அரசுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

இதற்காக நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, அட்டவணையை அறிவிக்கை மூலமாகவே திருத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்துள்ளது. பாடநூல் வெளியிட்ட அரசு, அதைக் கற்பிக்க ஆளையும் தர வேண்டாமா?