இன்ஜின் வேலை முடிந்த பிறகு

வேம்பாரிலிருந்து ஆறுமுகநேரி வரை கடலோரம் நெடுக உப்பளங்கள். அங்கிருந்து உப்பு ஏற்றிவரும் லாரிகளில் வயதான டாடாவும் லேலண்டும் உண்டு. இன்ஜினை இறக்கி, லைனர் மாற்றி, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டு, தேய்ந்த கிராங்கைக் கால் மில்லிமீட்டர் அரைத்து அதற்கேற்ற பேரிங் பொருத்தி, ஹெட்டை மூடியதும் பெரிய செலவு தீர்ந்தது என்று உரிமையாளர் மூச்சு விடுகிறார். ஆனால் அந்த வேலை எத்தனை வருடம் தாங்கும் என்பது முதல் சில நிமிடங்களிலும் முதல் சில நூறு கிலோமீட்டரிலும்தான் பெரும்பாலும் முடிவாகிறது. பட்டறையில் எல்லோரும் அவசரப்படுகிற நேரமும் அதுதான்.

முதலில் ஆயில். நன்றாக ஓடும் இன்ஜினில் கிராங்க் பேரிங்கைத் தொடுவதே இல்லை. 1880களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விட பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியே வெளியே வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தெறித்தது. மரக்கட்டை வைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது, பேரிங் தாங்கும் சராசரி அழுத்தத்தைவிட எண்ணெயின் அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற இன்னொரு பொறியாளர் இதற்குக் கணித விளக்கம் தந்தார்: சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகும் இடுக்குக்குள் இழுக்கிறது, அங்கே பிறக்கும் அழுத்தமே அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. ஆயில் பம்ப் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சுமையைத் தாங்குவது அந்த இடுக்கில் உருவாகும் எண்ணெய்ப் படலம்.

புதிதாகப் பூட்டிய இன்ஜினில் அந்தப் படலம் இல்லை. ஆயில் போகும் வழிகளும் ஃபில்டரும் காலியாக இருக்கின்றன. நேராக ஸ்டார்ட் செய்தால், தலைமுடியைவிட மெல்லிய அந்த இடுக்கில் உலோகம் உலோகத்தோடு உரசும். அதனால் ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்ட வேண்டும். டீசலை நிறுத்திவைத்து, மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் மோட்டாரால் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். பிறகுதான் டீசல்.

டீசல் குழாயில் காற்று நின்றால் ஸ்டார்ட் ஆகாது. பழைய இன்ஜின்களில் நாசில் திறக்கச் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். பம்ப் கொடுக்கும் தள்ளலையெல்லாம் ஒரு சின்னக் குமிழி விழுங்கிவிடும். ஃபில்டரிலும் பம்பிலும் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கையால் பம்ப் அடிப்பது இதற்காகத்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி கிளம்பாவிட்டால், இந்தக் கடற்கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் கேபிளை. அது சரியில்லை என்றால் செல்ஃப் மோட்டார் இன்ஜினை மெதுவாகத்தான் சுற்றும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு மடங்கு அளவுக்கு அழுத்தும்போது ஏறும் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு குளிர்ந்த சுவருக்குப் போய்விடும், இன்னும் படியாத ரிங்குகள் வழியாகக் காற்றும் கசியும். புது வேலை செய்த இன்ஜின் இறுக்கமாகவும் இருக்கும். செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். உப்புக்காற்றில் அரித்த கேபிள் முனையில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் வண்டியில் அது கால் பங்கு. புது பேட்டரி வாங்கும் முன் அந்த முனையைக் கழற்றி, பளபளக்கத் தேய்த்து இறுக்குங்கள்.

வண்டி கிளம்பியதும் பலர் அதை மணிக்கணக்கில் ஐடிலில் விடுகிறார்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனால் கெடுதல். ரிங்கை லைனர் மேல் அழுத்திப் பிடிப்பதில் பெரும்பங்கு எரியும் வாயுவின் அழுத்தத்துக்கு. ஹோனிங் செய்த லைனரில் குறுக்கு மறுக்காக மெல்லிய கீறல்கள் இருக்கும். கீறல்களின் மேடுகள் தேய்ந்து ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று படிய அந்த அழுத்தம் தேவை. ஐடிலில் அது கிடைக்காது. ஆயில் சுவரில் கருகிப் பளபளப்பாகப் படியும், மேடுகள் அப்படியே நிற்கும். பிறகு நீலப்புகையும் ஆயில் குறைவதும் தீராத வியாதியாகிவிடும். இன்ஜின் சூடேறியதும் கசிவைப் பார்த்துவிட்டு, பாதி லோடு ஏற்றி, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுவதே நல்லது. முழு லோடு பிறகு. தேய்ந்த துகள்கள் கலந்த முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும்.

ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிப் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து சூடு வெளியேறுவது தடைபடும். வெளிப்புறம் தண்ணீர் சூழ்ந்த லைனர் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிஸ்டன் இடிக்கும்போது லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி உடைந்து, உலோகத்தைக் கொத்துகின்றன. உவர்நீரின் அரிப்பும் சேர்ந்தால் பள்ளங்கள் வேகமாக ஆழமாகும். கடைசியில் லைனரே துளைபட்டுத் தண்ணீர் ஆயிலில் கலக்கும். இன்ஜினை மறுபடி இறக்க வேண்டியதுதான். இவ்வளவு செலவு செய்தவர் காய்ச்சி வடித்த தண்ணீரும் இன்ஜினுக்கு ஏற்ற கூலன்டும் கலந்து ஊற்றினால், லைனரின் வெளிப்பக்கத்தில் ஒரு காப்புப் படலம் உருவாகி அந்தக் கொத்தலைத் தடுக்கும்.