தொடலாமா?

முன்பெல்லாம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவிக்கரையெங்கும் எண்ணெய் வாசனை வீசும்.

ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மசாஜ் தொழிலாளிகள் அவர்களுடைய தலையிலும் முதுகிலும் எண்ணெயை ஊற்றித் தேய்ப்பார்கள். கழுத்தைப் பிடித்து விடுவார்கள். தோளைத் தட்டுவார்கள்.

"அண்ணாச்சி, அழுத்தம் போதுமா?"

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க."

கை அழுத்துகிறது.

"இடுப்புப் பக்கம் வேண்டாம். வலி இருக்கு."

கை விலகுகிறது.

"போதும்."

கை நிற்கிறது. எண்ணெய் பூசியவர் எழுந்து, அருவியில் போய் நிற்கிறார். உடம்பெல்லாம் சுகம்!

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. ஆறு கிழக்கே போகிறது. தென்காசியில் இருந்து திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸும் கிழக்கேதான் போகிறது.

அந்த பஸ்ஸில் ஒரே கூட்டம். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண், கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். பின்னால் நிற்பவனின் கை அவள் தோளில் படுகிறது. அவள் ஒதுங்குகிறாள். கை மறுபடியும் வருகிறது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அங்கேயும் கைதான். இங்கேயும் கைதான். அங்கேயும் தோள்தான். இங்கேயும் தோள்தான். ஒன்று சுகம். மற்றொன்று அருவருப்பு. ஏன்?

ஒரு கை கேட்டது. மற்றக் கை கேட்கவில்லை. அதுதான் வித்தியாசம்!

ஒரே கை, இரண்டு உணர்ச்சி

உடம்பின் மிகப் பெரிய உறுப்புகளில் ஒன்று தோல். ஒரு பெரியவரின் தோலை விரித்தால், ஒருவர் படுக்கும் பாய் அளவுக்கு வரும்.

தொட்டால் நமக்கு எப்படித் தெரிகிறது? தோலுக்கு அடியில் உள்ள நரம்பு முனைகளில் அழுத்தத்தை உணரும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஆர்டெம் படபூட்டியன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்து 2010-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதற்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மெதுவாகத் தடவினால் மட்டும் நன்றாக விழித்துக்கொள்ளும் நரம்பு இழைகளும் உண்டு. ஒரு விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும் கையைத்தான் அவை விரும்புகின்றன. தாய் தன் குழந்தையைத் தடவிக்கொடுக்கும் வேகமும் அதுதான்!

அப்படியானால், மெதுவாகத் தொட்டால் எல்லாமே இனிக்குமா? இனிக்காது.

2012-ம் ஆண்டில் ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. சில ஆண்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். ஒரு கை அவர்களுடைய காலை வருடியது. வருடுவது ஓர் அழகிய பெண் என்று அவர்கள் நம்பும்படி, ஒரு படத்தைக் காட்டினார்கள். அது அவர்களுக்கு இனித்தது. பிறகு, வருடுவது ஓர் ஆண் என்று நம்பும்படி வேறு படத்தைக் காட்டினார்கள். அது பிடிக்கவில்லை.

உண்மையில் இரண்டு முறையும் வருடியது ஒரே பெண்தான்!

கை ஒன்றுதான். ஆனாலும் தொடுதலைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியே இரண்டு விதமாக வேலை செய்தது.

ஆகவே, தொடுதல் தோலோடு நிற்பதில்லை. யார் தொடுகிறார் என்பதையும் மூளை சேர்த்தே கணக்குப் போடுகிறது. "மெதுவாகத்தானே தொட்டேன், அதில் என்ன தப்பு?" என்று ஒருவன் கேட்பானானால், அதற்குப் பதில் அவன் கையில் இல்லை. தொடப்பட்டவரின் மனதில் இருக்கிறது.

ஆச்சியின் கால்களில்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில், பச்சைக் குழந்தையை ஆச்சி குளிப்பாட்டுவாள். இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, கால்களின் மேல் குழந்தையைக் கிடத்திக்கொள்வாள். எண்ணெய் பூசி, கையையும் காலையும் நீவி விடுவாள். வெந்நீர் ஊற்றுவாள். குளித்த குழந்தை அயர்ந்து தூங்கும். அன்பான தொடுதலுக்கு அதுவே முதல் பாடம்.

குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும், வேறு ஒரு பாடமும் அதே வீட்டில் நடக்கிறது.

உறவினர் வருகிறார். "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்கிறார்கள். பையன் கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். "வெக்கப்படுதான்" என்று சொல்லிச் சிரித்து, இழுத்து வந்து மடியில் உட்கார வைக்கிறார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? "நான் வேண்டாம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவர்கள் தொட்டால் சும்மா இருக்க வேண்டும்." இதைத்தான் கற்றுக்கொள்கிறான். நாளைக்கு ஒரு தீயவன் தொட்டாலும், அவன் சும்மாதான் இருப்பான். வீட்டில் வந்து சொல்லவும் மாட்டான்.

குழந்தை முத்தம் தர மறுத்தால் விட்டுவிடலாம். கும்பிடு போடச் சொல்லலாம். அதனால் மாமாவின் மரியாதை குறைந்துவிடாது.

"உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக்கூடாது. குளிப்பாட்ட அம்மா தொடலாம். அம்மா பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் பார்க்கலாம். வேறு யார் தொட்டாலும் ஓடி வந்து சொல்லு. உன்னை யாரும் அடிக்க மாட்டோம்." இந்த ஐந்து வாக்கியத்தை மூன்று வயதுக் குழந்தைக்கே சொல்லிக் கொடுக்கலாம்.

குழந்தைகளைக் காக்க 2012-ல் வந்தது போக்சோ சட்டம். 18 வயது நிரம்பாதவர் சம்மதித்தார் என்று சொல்லி, அந்தச் சட்டத்தில் இருந்து தப்ப முடியாது.

2021 ஜனவரியில் பம்பாய் ஐகோர்ட்டின் நாகபுரி கிளை, ஒரு சிறுமியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. துணிக்கு மேல் தொட்டது, தோலோடு தோல் படவில்லை, ஆகவே போக்சோ சட்டப்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்றது. நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தொட்டவனின் கெட்ட எண்ணமே முக்கியம், நடுவே துணி இருந்ததா என்பதல்ல என்று கூறியது.

குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

மௌனம் சம்மதமா?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்வார்கள். உடம்பு விஷயத்தில் இது தவறு. பயத்தில் சிலருக்கு உடம்பு விறைத்துப் போகும். வாய் எழும்பாது. அது சம்மதம் அல்ல.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஒரு பெண் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் சம்மதித்ததாகக் கொள்ளக்கூடாது என்று, 2013-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அது இருக்கிறது.

ஆனால் அதே புதிய சட்டம், கணவன் விஷயத்தில் ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. மனைவி 18 வயது நிரம்பியவள் என்றால், அவள் விருப்பத்துக்கு மாறாக உறவு கொள்வது கற்பழிப்புக் குற்றமாகாது. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, வீட்டுக்குள் நடக்கும் பாலியல் கொடுமையையும் கொடுமை என்றே சொல்கிறது. அவள் அதன்படி பாதுகாப்புக் கேட்கலாம்.

சட்டத்தின் கணக்கு இது. மனைவியின் உடம்புக்கு வேறு கணக்கு இல்லை. பஸ்ஸில் கூசிய உடம்புதான் வீட்டிலும் கூசும்.

டாக்டர் சொன்ன பாடம்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற இருவர், தாம்பத்தியக் குறை உள்ள தம்பதிகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள். அந்த முறையை 1970-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். இன்றும் பல நாட்டு டாக்டர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள்.

அவர்கள் முதலில் மருந்து தரவில்லை. "உடலுறவு இப்போது வேண்டாம். வெறுமனே தொடுங்கள்" என்றார்கள்!

ஒருவர் படுத்திருக்க வேண்டும். மற்றவர் மெதுவாகத் தொட வேண்டும். மறைவிடங்களை ஆரம்பத்தில் தொடக்கூடாது. படுத்திருப்பவர், தொடுகிறவரின் கை மேல் தன் கையை வைத்து, "இங்கே, இப்படி, இவ்வளவு மெதுவாக" என்று வழி காட்டலாம். பிடிக்காவிட்டால் சொல்லிவிட வேண்டும். பிறகு முறை மாற வேண்டும். பரீட்சையும் இல்லை, பாஸ் பெயிலும் இல்லை.

பயம் போயிற்று. பேச்சு வந்தது. பலருக்குத் தாம்பத்தியமும் சரியாயிற்று.

கலியாணமாகி இருபது வருஷம் ஆன பெண்ணிடம், "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டால், அவள் விழிக்கக்கூடும். அதுவரை யாரும் கேட்டதில்லை! அன்று இரவு கணவன் கொஞ்சம் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு, "கால் வலிக்குதா? பிடிச்சு விடட்டுமா?" என்று கேட்கலாம். அவள் "வேண்டாம், தூக்கம் வருது" என்றால், கோபிக்காமல் விளக்கை அணைக்கலாம். "வேண்டாம்" என்று பயமில்லாமல் சொல்ல முடிந்தவள்தான், "வேண்டும்" என்று மனதாரச் சொல்வாள்.

தன் உடம்பு, தன் கை

தனக்கு எது பிடிக்கும் என்று தனக்கே தெரியாவிட்டால், பிறருக்கு எப்படிச் சொல்வது? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர், எந்த இடம் வலிக்கிறது, எந்த இடம் இதமாக இருக்கிறது என்று தன் கையாலேயே அறிந்துகொள்கிறார். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

வாலிபர்களைப் பிடித்து ஆட்டும் பயம் ஒன்று உண்டு. சுய இன்பத்தால் நரம்பு தளரும், ரத்தம் வற்றும் என்று எண்ணி நடுங்குகிறார்கள். லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் போலிகளிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள். விந்து போனால் பலம் போய்விடும் என்று நம்பி மெலியும் இந்த மனநிலைக்கு, டாக்டர் என்.என்.விக் என்ற இந்திய மனநல நிபுணர் 1960-லேயே பெயர் வைத்தார். உடம்பை வாட்டுவது செயல் அல்ல, பயம்தான். தனிமையில், அளவோடு செய்தால் கெடுதி இல்லை என்கிறார்கள் டாக்டர்கள்.

குற்றாலத்து அருவிக்கரையில் அந்தத் தொழிலாளி, முன்பின் தெரியாத மனிதரிடம் நாள் முழுவதும் கேட்டார்: "அண்ணாச்சி, அழுத்தம் போதுமா?"

கூலிக்குத் தொடுகிறவர் கேட்கிறார். அன்புக்குத் தொடுகிறவர் கேட்க வெட்கப்படலாமா?