ஆடாது முடிந்த ஆறு போட்டிகள்

சதுரங்கப் பலகையில் நிகழ்வன யாவும் காண்போர் கண்முன்னே நிகழ்வன. காயை ஒளித்து வைத்தற்கும், நகர்த்தியதை மீளப் பெறுதற்கும் அங்கு இடமில்லை. ஆயினும், பல நாடுகள் அணி அணியாகக் கூடி ஆடும் பெரும் போட்டிகளில், பலகைக்கு அப்பால், அமைப்பாளரும் அணித்தலைவரும் கூடிச் செய்யும் முடிவுகளும் உள. புள்ளிப்பட்டியல் அவற்றின் பயனைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டுவதில்லை. 1939ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவனஸ் அயர்சில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் இதற்குத் தக்க சான்றாகும்.

ஐரோப்பாவுக்கு வெளியே நடைபெற்ற முதல் ஒலிம்பியாட் அதுவே. 27 நாடுகள் அதிற் பங்குபற்றின. ஐரோப்பிய ஆட்டக்காரர் பலர் பெல்ஜியத்தின் அந்துவேப் துறைமுகத்திலிருந்து 'பிரியாப்பொலிஸ்' என்னும் கப்பலிலேறி, ஏறத்தாழ மூன்று வாரம் ஒருங்கே கடற்பயணஞ் செய்து வந்து சேர்ந்தனர். அணிகள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடங்களைப் பெற்றவை தலையாய இறுதிச் சுற்றுக்குத் தெரிவாயின.

அவ்வேளையிலேதான் போர் மூண்டது. செப்டெம்பர் 1ஆந் திகதி ஜேர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. 3ஆந் திகதி பிரித்தானியாவும் பிரான்சும் ஜேர்மனிக்கெதிராகப் போர் அறிவித்தன. இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியிருந்த இங்கிலாந்து அணி விலகிக்கொண்டது. அவ்வணியினரான அலெக்சாந்தர், மில்னர்-பாரி, கோலம்பெக் ஆகிய மூவரும் பின்னர் பிளெச்லி பார்க்கில் ஜேர்மனியரின் மறைகுறிச் செய்திகளைத் துலக்கும் பணியில் ஈடுபட்டனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எஞ்சிய 15 அணிகளுள் ஜேர்மனி, போலந்து, பிரான்சு ஆகிய மூன்றும் இருந்தன. ஜேர்மனியின் பிடியிற் சிக்கியிருந்த பொகீமியா-மொராவியாவும், யூதர்களைக் கொண்ட பாலஸ்தீன அணியும் இருந்தன. ஒவ்வோர் அணியும் ஏனைய அணிகள் அனைத்தையும் எதிர்த்து ஆடுதல் வேண்டும் என்பது விதி. இங்கேதான் சிக்கல் எழுந்தது. தன் நாட்டை அழிக்கும் நாட்டின் அணியோடு போலந்து வீரர் எங்ஙனம் எதிரெதிரே அமர்வர்? அமர மறுப்பின், ஒரு போட்டிக்குரிய நான்கு புள்ளிகளும் ஜேர்மனிக்கே உரியனவாகும். மறுப்பவரே மறுக்கப்பட்டவருக்குப் பரிசளித்தல் போன்ற நிலை அது. பல அணிகள் ஒருங்கே விலகினாலோ, ஒலிம்பியாட்டே குலைந்துவிடும்.

திரைமறைவிற் பேச்சுக்கள் நடைபெற்று, ஈற்றில் ஓர் இணக்கம் காணப்பட்டது. ஆட முடியாத போட்டிகளை ஆடாமலே, ஈரணிக்கும் இவ்விரண்டு புள்ளிகள் வழங்குவதென முடிவாயிற்று. ஜேர்மனி போலந்து, பிரான்சு, பாலஸ்தீனம் ஆகியவற்றோடும், பொகீமியா-மொராவியா போலந்து, பிரான்சு ஆகியவற்றோடும் ஆடவேண்டிய போட்டிகள் இவ்வாறு முடிந்தன. போரிற் கலந்துகொள்ளாத ஆர்ஜென்டீனாவும் பாலஸ்தீனத்துடனான தன் போட்டியை அவ்வாறே முடித்துக்கொண்டது. ஆக, காயொன்றும் நகராத போட்டிகள் ஆறு.

இம்முடிவு முற்றும் நீதியானதா? ஒலிம்பியாட்டின் ஈற்றில் ஜேர்மனி 36 புள்ளிகளும், போலந்து 35½ புள்ளிகளும், எஸ்தோனியா 33½ புள்ளிகளும் பெற்றன. வெற்றியை நிர்ணயித்தது அரைப்புள்ளியே. முதலிரு அணிகளும் நேரிற் சந்தித்திருப்பின் கிண்ணம் யாருக்குச் சென்றிருக்கும் என்பதை இன்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும், நீதியை முற்றாக நிலைநாட்ட வழியில்லாத விடத்து, எவருடைய மானத்துக்கும் இழுக்கு வாராமற் காத்தலும் ஒரு நீதியே. அமைப்பாளர் தேர்ந்தது அதனையே எனலாம்.

ஆட்டம் முடிந்தபின் பலருக்குத் திரும்பிச் செல்ல நாடில்லை. ஜேர்மன் அணியினர் ஐவரும் தென்னமெரிக்காவிலேயே தங்கிவிட்டனர். போலந்து அணியின் நஜ்டோர்ப் ஒரு யூதர், அவரும் தங்கினார். போலந்தில் அவர் விட்டுவந்த குடும்பத்தினர் நாசிகளாற் கொல்லப்பட்டனர். அதனை அறியுமுன், 1943இல் ரொசாரியோ நகரில் 40 பேரை எதிர்த்துப் பலகையைப் பாராமலே அவர் ஆடினார். அச்செய்தி பத்திரிகைகள் வாயிலாகத் தம் உறவினரை எட்டாதா என்பதே அவருடைய நசை.

1952இல் ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பியாட்டில் ஆர்ஜென்டீனா இரண்டாமிடம் பெற்றது. அவ்வணியின் முதற் பலகையில் ஆடியவர் நஜ்டோர்ப். 1939இல் ஜேர்மன் அணிக்குத் தலைப்பலகையில் ஆடிய எலிஸ்காசஸ் என்பாரும் அதே அணியில் அவரோடு ஆடினார். அன்று எதிரெதிரே அமர முடியாதிருந்த ஈரணியினர், பதின்மூன்று ஆண்டுகளின் பின் ஓரணியினராய் அருகருகே அமர்ந்தனர்.