பிறந்த நாளிலேயே ஒரு காப்பு

கருவுற்ற தாய்மாருக்கு இரத்தம் எடுத்துச் சோதிக்கும்போது, ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க் கிருமி உண்டா என்பதையும் மருத்துவர்கள் பார்க்கின்றனர். காமாலை கண்டவர்க்கன்றோ இச்சோதனை என நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று. கண் மஞ்சளாகாமலும் உடல் சோராமலும் இக்கிருமி பல்லாண்டுகள் இரத்தத்தில் தங்கியிருக்க வல்லது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 25 கோடியே 40 இலட்சம் பேர் இதனைச் சுமந்திருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர். நம் நாட்டில் கருவுற்ற பெண்களிடையே நடந்த ஆய்வுகள் பலவற்றில், நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரிடம் இக்கிருமி காணப்பட்டுள்ளது. ஒன்றுதானே என்று அமைந்துவிட இயலாது. ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில், அந்த ஒன்று இரண்டு இலட்சம் தொட்டில்களாகும்.

வளர்ந்தவரைத் தொற்றினால் பெரும்பாலும் இக்கிருமி சில மாதங்களில் நீங்கிவிடும். நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவரிடமே நிலைக்கும். பிறக்கும்போது தொற்றினாலோ நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் நிலைத்துவிடும். பிற்காலத்தில் கல்லீரல் சுருங்குதலும் புற்றுநோயும் அதன் விளைவுகளாகலாம்.

இதற்கு வழியில்லையா? உண்டு என்பதற்குத் தைவான் தீவே சான்று. அங்கு ஒரு காலத்தில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் வரை இக்கிருமியைச் சுமந்தனர். 1984-இல் கிருமியுள்ள தாய்மாரின் சிசுக்களுக்கும், ஈராண்டில் எல்லாச் சிசுக்களுக்கும் தடுப்பூசி அளிக்கத் தொடங்கினர். தைபே நகரக் குழந்தைகளிடையே 1984-இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த தொற்று, 1999-இல் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. சிறுவரைத் தாக்கும் கல்லீரல் புற்றுநோயும் பாதியாய்க் குறைந்தது.

ஆகவே நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில. கருவுற்றதும் சோதனை செய்துகொள்ள வேண்டும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசி போடப்பட்டதா எனக் கேட்டறிய வேண்டும். பின்னர் 6, 10, 14-ஆம் வாரங்களில் தவறாது தொடர வேண்டும். தாய்க்குக் கிருமி இருப்பின், குழந்தைக்குப் பிறந்தவுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் மற்றோர் ஊசியும் தேவை. கிருமியின் அளவு மிகுந்த தாய்க்குப் பேறுகாலத்திற்கு முன்பே மாத்திரைகளும் உண்டு. ஆதலின் வீட்டில் பேறு பார்த்தலைத் தவிர்த்து மருத்துவமனையையே நாடுக. முறைப்படி ஊசி பெற்ற குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

இறுதியாக, மாமியார்மாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு சொல். சோதனையில் கிருமி தெரிந்ததும் மருமகளின் ஒழுக்கத்தை ஐயுறுவதும், தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்குவதும் பெருந்தவறு. நம் நாட்டில் இக்கிருமி உள்ளோருள் மிகப் பலர், தம் பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ, தாம் அறியாமலே இதனைப் பெற்றவர்கள். சேர்ந்துண்பதாலோ அணைத்துக்கொள்வதாலோ இது பரவாது. கணவனும் இரத்தத்தைச் சோதித்து, தொற்றில்லையேல் ஊசி போட்டுக்கொள்வதே அறிவுடைமை. அத்தாய்க்கு வேண்டுவது பழிச்சொல் அன்று. மருத்துவமனைக்கு உடன்வரும் துணையே.